க்ரெட்டா விலையில் பென்ட்லியா? பிரிட்டனில் பழைய சொகுசு கார்கள் இவ்வளவு மலிவாவது ஏன்... நம்பி வாங்கலாமா?

2003-ல் பிரிட்டனில் ஒரு பென்ட்லி கான்டினென்டல் ஜி.டி காரின் ஷோரூம் விலை சுமார் 1 லட்சத்து 10 ஆயிரம் பவுண்டு. பவுண்டுக்கு 110 ரூபாய் என்று வைத்தால் 1.2 கோடி ரூபாய். அதே கார் இன்று அங்கே செகண்ட் ஹேண்டில் 15 ஆயிரம் பவுண்டு அளவில் விற்பனைக்கு வருகிறது. ரூபாயில் 16.5 லட்சம். நம்ம ஊரில் ஒரு ஹூண்டாய் க்ரெட்டா வாங்குகிற காசு!

அதே லெதர் சீட், அதே மர வேலைப்பாடு, மணிக்கு 318 கி.மீ வேகம் போகக்கூடிய அதே 12 சிலிண்டர் இன்ஜின். பக்கத்து வீட்டுக்காரருக்கு இது 15 ஆயிரமா, ஒன்றரை லட்சமா என்று தெரியவே தெரியாது. அப்போ ஏன் எல்லோரும் போய் வாங்கிவிடவில்லை?

விலை ஏன் இப்படி விழுந்தது, விழுந்த பிறகும் காரோடு ஒட்டிக்கொண்டு வருகிற செலவு என்ன, ஆசைக்காக வாங்கியே தீருவேன் என்பவர் எப்படிக் கணக்குப் போட வேண்டும்? விரிவாகப் பார்ப்போம்.

ஜி.டி என்றால் என்ன?

கிராண்ட் டூரர் என்பதன் சுருக்கம்தான் ஜி.டி. ரேஸ் காரின் வேகமும் வேண்டும், லண்டனில் காலையில் கிளம்பி பிரான்ஸின் தென்கோடி வரை ஓட்டினாலும் முதுகு வலிக்கக் கூடாது. இரண்டு பேர், அவர்களுடைய பெட்டி படுக்கை, நீண்ட தூரம். இதற்காகவே செய்யப்படுகிற இரண்டு கதவு கார்கள் இவை. பின்சீட் இருக்கும், ஆனால் அங்கே பெரியவர்கள் உட்கார்ந்தால் முழங்கால் மூக்கில் இடிக்கும்.

பென்ட்லிக்கு இந்த வகை புதிதல்ல. 1952-லேயே ஆர்-டைப் கான்டினென்டல் என்ற காரைக் கொண்டுவந்தது. அதில் மொத்தமே 208 கார்கள்தான் செய்யப்பட்டன. 1998-ல் ஜெர்மனியின் ஃபோக்ஸ்வாகன் பென்ட்லியை வாங்கியது. அதன் பிறகு அந்தப் பழைய பெயரைத் தூசி தட்டி எடுத்து, 2003-ல் கான்டினென்டல் ஜி.டி-யை அறிமுகம் செய்தது. 6 லிட்டர் டபிள்யூ12 இன்ஜின், இரண்டு டர்போ, 552 குதிரைத்திறன், நான்கு சக்கரங்களுக்கும் உந்துசக்தி. எடை 2.3 டன்னுக்கு மேல்.

கார் பிய்த்துக்கொண்டு போனது. அதுவரை ஆண்டுக்கு ஆயிரம் கார் அளவில் விற்றுக்கொண்டிருந்த கம்பெனி, சில ஆண்டுகளிலேயே 10 ஆயிரத்தைத் தொட்டது. இங்கிலாந்தின் க்ரூ நகரத் தொழிற்சாலையைக் காப்பாற்றியதே இந்த கார்தான் என்றால் மிகையில்லை. ஆனால், அந்த வெற்றிதான் செகண்ட் ஹேண்ட் மார்க்கெட்டில் அதற்கு எதிரியாகவும் ஆனது.

சரி, விலை ஏன் இப்படி விழுது?

முதல் காரணம் எண்ணிக்கை. 208 கார் மட்டும் இருந்தால் அதைத் தேடி ஆள் வருவார்கள். ஆயிரக்கணக்கில் இருக்கும்போது, ஒன்றை விட்டால் இன்னொன்று. போர்ஷே 911-ன் அரிய வகைகளும், குறைந்த எண்ணிக்கையில் வந்த ஃபெராரிகளும் விலையைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன என்றால், அங்கே வரிசையில் நிற்பவர்கள் காரைவிட அதிகம். இங்கே நிலைமை தலைகீழ்.

அடுத்தது, புதிதாக வாங்குபவர் யார் என்பது. இந்த வகை கார்களை வாங்குபவர்களில் பலரும் மூன்று, நான்கு வருடத்தில் மாற்றிவிடுவார்கள். பிரிட்டனில் பி.சி.பி எனப்படும் கடன் முறை பிரபலம். மாதா மாதம் தவணை கட்டி, முடிவில் ஒரு பெரிய தொகை கொடுத்தால் கார் சொந்தம். இல்லையென்றால் சாவியைக் கொடுத்துவிட்டு அடுத்த புது காருக்குப் போகலாம். அப்படித் திரும்பி வருகிற கார்கள் ஒரே சமயத்தில் மார்க்கெட்டில் வந்து குவிகின்றன. அந்த நேரம் பார்த்து புது மாடலும் வந்துவிட்டால் முடிந்தது கதை. கான்டினென்டல் ஜி.டி-யில் 2011, 2018, 2024 என மூன்று முறை புதிய தலைமுறை வந்தது. ஒவ்வொரு முறையும் முந்தையது ஒரே நாளில் 'பழசு' ஆனது.

வரியும் ஒரு காரணம். 2003-ல் பிரிட்டனில் வாட் வரி 17.5 சதவீதம். 1 லட்சத்து 10 ஆயிரம் பவுண்டில் 16 ஆயிரத்துக்கு மேல் அரசுக்குப் போனது. இரண்டாவதாக வாங்குபவர் அந்தத் தொகையைப் பற்றிக் கவலைப்படப் போவதில்லை. அதாவது, இன்று ஒரு பழைய ஜி.டி என்ன விலைக்குக் கிடைக்கிறதோ, கிட்டத்தட்ட அந்த அளவுக்கு வரி மட்டுமே கட்டியிருக்கிறார் முதல் உரிமையாளர்!

எல்லாவற்றையும்விடப் பெரிய காரணம் பயம். ஜார்ஜ் அகர்லாஃப் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் 1970-ல் பழைய கார் சந்தையை வைத்தே ஒரு கட்டுரை எழுதினார். விற்பவருக்குக் காரின் குறை தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. அதனால் வாங்குபவர் எல்லா காரையும் சந்தேகத்தோடு பார்த்துக் குறைத்துக் கேட்பார். நல்ல கார் வைத்திருப்பவர் 'இந்த விலைக்கு நான் ஏன் விற்கணும்' என்று ஒதுங்கிவிடுவார். கடைசியில் சந்தையில் மிஞ்சுவது பெரும்பாலும் மோசமான கார்கள். 2001-ல் அவருக்குக் கிடைத்த நோபல் பரிசுக்கு அடித்தளம் இந்த வேலைதான். 15 ஆயிரம் பவுண்டு பென்ட்லி விளம்பரங்களை வரிசையாகப் பார்த்தால், அகர்லாஃப் சொன்னது பளிச்சென்று புரியும்.

விலை குறைஞ்சாலும் பில் குறையாது

இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். காரின் விலை 15 ஆயிரமாகக் குறைந்துவிட்டது என்பதற்காக, அதன் பிரேக் டிஸ்க்கோ, டர்போவோ விலை குறைவதில்லை. ஸ்பேர் பார்ட்ஸ் கவுன்டரில் அது இன்னமும் ஒரு லட்சம் பவுண்டு கார்தான்.

டபிள்யூ12 இன்ஜின் அருமையான வடிவமைப்பு. 12 சிலிண்டர்களை மிகக் குறைந்த நீளத்துக்குள் அடக்கியிருக்கிறார்கள். ஆனால் பானட்டைத் திறந்தால் விரல் நுழைய இடமிருக்காது. இரண்டு டர்போக்களும் பின்புறம் ஒளிந்திருக்கும். வயதாக ஆக, பின்பக்கம் ஓடும் ரப்பர் வேக்யூம் குழாய்கள் வெடித்துக் காற்று கசியும். குழாயின் விலை ஒன்றும் பெரிதில்லை. அதைத் தொடுவதற்கு முழு இன்ஜினையும் கீழே இறக்க வேண்டும் என்பதுதான் பிரச்னை. பல நாள் வேலை. அதோடு டர்போவையும் மாற்ற வேண்டி வந்தால், பில் காரின் விலையில் பாதியைத் தொட்டுவிடலாம்.

ஏர் சஸ்பென்ஷன் இன்னொரு தலைவலி. ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றுப் பைகளின் மேல் கார் மிதக்கிறது. பை வெடித்தாலோ, சிறிய கசிவு ஏற்பட்டாலோ, இரவு நிறுத்திய கார் காலையில் ஒரு மூலையில் தரையோடு படுத்திருக்கும். அதை அப்படியே விட்டால் காற்றை நிரப்பும் கம்ப்ரசர் ஓய்வில்லாமல் ஓடிப் பழுதாகும். சிறு செலவு பெரும் செலவாவது இப்படித்தான்.

டிக்கியில் இரண்டு பேட்டரிகள் உண்டு. ஒன்று ஸ்டார்ட் செய்ய, மற்றொன்று எலக்ட்ரானிக்ஸுக்கு. வாரக்கணக்கில் ஓட்டாமல் வைத்திருந்தால் சார்ஜ் இறங்கி, டேஷ்போர்டில் சம்பந்தமே இல்லாத எச்சரிக்கை விளக்குகள் எல்லாம் எரியும். 'குறைவாக ஓடிய கார்' என்று சந்தோஷப்பட்டு வாங்குபவர்களுக்கு இது ஒரு பாடம். 20 வருடத்தில் 30 ஆயிரம் கி.மீ மட்டுமே ஓடிய பென்ட்லியைவிட, ஒழுங்காக சர்வீஸ் செய்து ஒரு லட்சம் கி.மீ ஓடிய பென்ட்லி பல சமயம் நம்பிக்கையானது.

ஒரு சின்ன ஆறுதலும் உண்டு. இந்த காரின் அடித்தளம் ஃபோக்ஸ்வாகன் ஃபீட்டன் என்ற செடானோடு பகிரப்பட்டது. சில பாகங்கள் இரண்டிலும் ஒன்றேதான். விவரம் தெரிந்த உரிமையாளர்கள் பாகத்தின் எண்ணை ஒப்பிட்டுப் பார்த்து, பென்ட்லி முத்திரை இல்லாத அதே பொருளைக் குறைந்த விலைக்கு வாங்கிவிடுவார்கள். அங்கீகரிக்கப்பட்ட டீலரிடம் போகாமல், பென்ட்லி மட்டுமே பார்க்கும் தனியார் மெக்கானிக்கிடம் போவதும் அப்படித்தான். அப்படி ஒருவர் வீட்டிலிருந்து ஒரு மணி நேரத் தூரத்துக்குள் இருக்கிறாரா என்பதை, காரைத் தேடும் முன்பே தேட வேண்டும்.

பெட்ரோல்? லிட்டருக்கு 6 கி.மீ அளவு. நகருக்குள் 4-ஐத் தொடுவதே கஷ்டம். வருடத்துக்கு 8 ஆயிரம் கி.மீ ஓட்டினால் 1,300 லிட்டருக்கு மேல் குடிக்கும். லிட்டர் 1.40 பவுண்டு என்றால் கிட்டத்தட்ட 1,900 பவுண்டு. இன்சூரன்ஸில் பிரிட்டனின் 50 பிரிவுகளில் இது உச்சபட்சமான 50-வது பிரிவு.

சாலை வரியில் ஒரு வேடிக்கை இருக்கிறது. 2006 மார்ச் 23-க்கு முன் பதிவான கார் என்றால், எவ்வளவு புகை விட்டாலும் வரிக்கு ஒரு உச்சவரம்பு உண்டு. அந்தத் தேதியில் அல்லது அதற்குப் பிறகு பதிவானால் உச்சபட்சப் பிரிவில், ஆண்டுக்கு 700 பவுண்டுக்கு மேல். அதே இன்ஜின், அதே புகை, ஒரு நாள் முன்னே பின்னே பதிவானதற்கு வருடத்துக்கு சுமார் 300 பவுண்டு வித்தியாசம். இதனால்தான் பல விளம்பரங்களில் 2006 மார்ச்சுக்கு முந்தையது என்று கொட்டை எழுத்தில் போடுகிறார்கள். அதற்காக மட்டும் ஒரு காரைத் தேர்வு செய்வது முட்டாள்தனம். ஒரே ஒரு ஏர் சஸ்பென்ஷன் பில் பல வருட வரி மிச்சத்தை விழுங்கிவிடும்.

மலிவான கார் Vs விலை அதிகமான கார்: ஒரு கணக்கு

கையில் 30 ஆயிரம் பவுண்டு சேமிப்பு உள்ள ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். இது உதாரணக் கணக்குதான்; ஆனால் இரண்டு வகை கார்களும் எப்படி நடந்துகொள்ளும் என்பதைக் காட்டும்.

முதல் கார் 2004 மாடல், 14 ஆயிரம் பவுண்டு. சர்வீஸ் புத்தகத்தில் பாதிப் பக்கம் காலி. வாங்கிய முதல் வருடமே சஸ்பென்ஷன், பிரேக், டயர், கசிவு என 9 ஆயிரம். அடுத்த இரண்டு வருடத்தில் இன்னொரு 6 ஆயிரம். மூன்று வருடம் கழித்து 12 ஆயிரத்துக்கு விற்கிறார். விலை இறக்கத்தில் நஷ்டம் வெறும் 2 ஆயிரம்தான். ஆனால் ரிப்பேரோடு சேர்த்தால் 17 ஆயிரம் போயிருக்கும்.

இரண்டாவது கார் 2008 மாடல், 23 ஆயிரம் பவுண்டு. முந்தைய உரிமையாளர் ஒவ்வொரு பில்லையும் கோப்பில் வைத்திருக்கிறார். இன்ஜினை இறக்கிச் செய்யும் வேலையும் முடிந்துவிட்டது. மூன்று வருடத்தில் சர்வீஸ், ரிப்பேர் 7,500. விற்கும்போது 19 ஆயிரம். மொத்த நஷ்டம் 11,500.

9 ஆயிரம் அதிகம் கொடுத்து வாங்கியவர், முடிவில் 5,500 பவுண்டு குறைவாகச் செலவழித்திருக்கிறார். வேறு மாதிரி சொன்னால், முந்தைய உரிமையாளர் கட்டிய பில்களை அவர் தள்ளுபடி விலையில் வாங்கியிருக்கிறார்.

எல்லா மலிவு காரும் இப்படித்தான் முடியும் என்றில்லை. அதிர்ஷ்டம் அடித்தால் முதல் கார் மூன்று வருடமும் சத்தம் போடாமல் ஓடலாம். ஆனால் அதிர்ஷ்டம் இல்லாமல் போனால் தாங்க முடியுமா என்பதுதான் கேள்வி. 30 ஆயிரம் வைத்திருப்பவர் 30 ஆயிரத்துக்கும் கார் வாங்கிவிட்டால், முதல் பெரிய பில் வரும்போது கடன் வாங்க வேண்டியிருக்கும். அல்லது காரை ஓட்டாமல் நிறுத்திவைப்பார். நிறுத்திவைத்த பென்ட்லிக்கு என்ன ஆகும் என்பதை மேலே பார்த்தோம். இப்படிப் பாதி வழியில் பணம் தீர்ந்துபோனவர்களின் கார்கள்தான் மறுபடி '15 ஆயிரம் பவுண்டு, அவசர விற்பனை' என்று வருகின்றன.

அப்போ ஆசைக்கு என்ன விலை?

இரண்டாவது காரின் நஷ்டத்தை 36 மாதத்துக்குப் பிரித்தால் மாதம் சுமார் 320 பவுண்டு. பெட்ரோல், வரி, இன்சூரன்ஸ் தனி. ஒரு புதிய ஜி.டி-யை 2 லட்சம் பவுண்டுக்கு வாங்கி, அது மூன்று வருடத்தில் 40 சதவீதம் விலை இறங்குகிறது என்று வைத்தால், மாதம் 2,200 பவுண்டு காற்றில் கரையும். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதுதான் பழைய ஜி.டி-யின் கவர்ச்சி புரிகிறது. பெரிய அடியை வேறொருவர் ஏற்கெனவே வாங்கிக்கொண்டார்.

ஆனால் கணக்கை ஆசை வளைக்கும். பிரிட்டன் கார் ரசிகர்கள் இதைக் கிண்டலாக 'மேன் மேத்ஸ்' என்பார்கள். 'புதுசு ரெண்டு லட்சம், இது 23 ஆயிரம், அப்போ எனக்கு ஒரு லட்சத்து 77 ஆயிரம் மிச்சம்' என்கிற கணக்கு அது. வீட்டம்மாவிடம் செல்லுபடியாகாது.

அதற்காக ஆசையே தப்பு என்று சொல்லிவிட முடியாது. இந்த காரின் ஏ.சி துளைகளைத் திறக்க, ஆர்மோனியப் பெட்டியில் இருப்பது போன்ற உலோகக் குமிழ்களை இழுக்க வேண்டும். கனமாக, குளிர்ச்சியாக விரலில் படும். கதவு மூடும் சத்தமே வேறு. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் இரண்டரை டன் எடை சத்தமில்லாமல் முன்னே பாயும். மாதம் 320 பவுண்டை வேறு எதிலாவது கொடுத்து இதே சந்தோஷம் கிடைக்குமா என்பதை வாங்குபவர்தான் சொல்ல வேண்டும். சந்தேகம் இருந்தால், ஒரு வார இறுதிக்கு வாடகைக்கு எடுத்து ஓட்டிப் பார்க்கலாம். இரண்டாம் நாளே ஆசை அடங்கிவிட்டால் பல ஆயிரம் பவுண்டு மிச்சம். அடங்கவில்லை என்றால், கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது.

இதை முதலீடு என்று சொல்லி மனதைத் தேற்றிக்கொள்வது மட்டும் வேண்டாம். 2024-ல் டபிள்யூ12 இன்ஜின் தயாரிப்பை பென்ட்லி நிறுத்திவிட்டது. இனி விலை ஏறும் என்று விற்பவர்கள் சொல்வார்கள். ஆனால் க்ரூ தொழிற்சாலையில் இந்த இன்ஜின் 1 லட்சத்து 5 ஆயிரத்துக்கு மேல் செய்யப்பட்டிருக்கிறது. அரிய பொருள் என்று சொல்ல முடியாத எண்ணிக்கை அது. பட்ஜெட் கொஞ்சம் நீளும் என்றால், 2012-ல் வந்த 4 லிட்டர் வி8 இன்ஜின் மாடல் பெட்ரோலிலும் சிக்கனம், பராமரிப்பிலும் எளிது. சத்தமும் இன்னும் உறுமலாக இருக்கும் என்பது கூடுதல் போனஸ்.

பார்க்கப் போகும்போது என்ன கவனிக்கணும்?

வீட்டை விட்டுக் கிளம்பும் முன்பே பாதி வேலையை முடிக்கலாம். பிரிட்டனில் மூன்று வயதான கார்களுக்கு ஆண்டுதோறும் எம்.ஓ.டி என்ற தகுதிச் சோதனை கட்டாயம். காரின் பதிவு எண்ணை அரசு இணையதளத்தில் போட்டால், எந்த வருடம் பாஸ், எதில் ஃபெயில், அன்று எத்தனை மைல் ஓடியிருந்தது என எல்லாமே இலவசமாகத் தெரியும். மூன்று வருடமாக ஒரே குறை 'கவனிக்கவும்' என்று எழுதப்பட்டு, சரிசெய்யப்படாமலே இருந்தால், பார்க்க முடியாத வேலைகளையும் அவர் தள்ளிப்போட்டிருப்பார் என்றே அர்த்தம்.

காலையில் போக வேண்டும். 'நான் வரும் முன் ஸ்டார்ட் செய்யாதீர்கள்' என்று சொல்லிவைக்க வேண்டும். போனதும் பானட்டைத் தொட்டுப் பார்த்தால் சூடாக இருக்கிறதா என்று தெரிந்துவிடும். சூடாக இருந்தால் விற்பவர் எதையோ மறைக்கிறார் என்று நினைக்க இடமுண்டு. நான்கு சக்கர வளைவுகளிலும் இடைவெளி ஒரே அளவில் இருக்கிறதா என்று பார்த்தால் சஸ்பென்ஷன் கசிவு பிடிபடும். கண்ணாடிக்குக் கீழே இலைகள் அடைத்து மழைநீர் உள்ளே இறங்குவது இந்த காரில் பழக்கமான கோளாறு. அதனால் முன்சீட் கால் வைக்கும் இடத்தில் கார்பெட்டை அழுத்திப் பார்க்க வேண்டும். ஈரம் இருந்தால், அடியில் இருக்கும் எலக்ட்ரானிக் பெட்டிகளின் கதி கேள்விக்குறி. டயர் நான்கும் நல்ல கம்பெனி தயாரிப்பா? பென்ட்லிக்கு பெயர் தெரியாத மலிவு டயர் போட்டவர், ஆயிலை மட்டும் நல்லதாக ஊற்றியிருப்பாரா?

பிடித்திருந்தால் அங்கேயே கைகொடுக்காமல், பென்ட்லி தெரிந்த மெக்கானிக்கை வைத்து லிஃப்டில் ஏற்றிப் பார்ப்பது கட்டாயம். சில நூறு பவுண்டு செலவாகும். காரில் கடன் பாக்கி இருக்கிறதா, விபத்தில் சிக்கி இன்சூரன்ஸ் கம்பெனி கழித்துக்கட்டிய காரா என்பதையும் கட்டணம் கட்டிச் சரிபார்க்க முடியும்.

டீலரிடம் வாங்கினால் விலை கூடும். ஆனால் 2015 நுகர்வோர் உரிமைச் சட்டத்தின் பாதுகாப்பு கிடைக்கும். விற்கும்போதே பெரிய குறை இருந்தது தெரியவந்தால் 30 நாளுக்குள் காரைத் திருப்பிக் கொடுத்துப் பணத்தைக் கேட்கலாம். தனிநபரிடம் வாங்கினால் அந்தச் சலுகை இல்லை. அவர் பொய் சொன்னார் என்று நிரூபிக்க முடிந்தாலொழிய, வீட்டுக்கு ஓட்டி வந்த பிறகு எல்லாம் வாங்கியவர் பாடு.

இந்த காரை இந்தியாவுக்குக் கொண்டுவர முடியுமா?

முடியாது. விண்டேஜ் வகை கார்கள் தவிர, தயாரித்து மூன்று ஆண்டுக்கு மேலான பழைய காரை இந்தியாவில் இறக்குமதி செய்ய அனுமதி இல்லை. மூன்று ஆண்டுக்குள் இருக்கும் ஜி.டி-யைக் கொண்டுவரலாம் என்றாலும், அந்த வயதில் அது பிரிட்டனிலேயே மலிவாகியிருக்காது. அதன்மேல் கடுமையான சுங்க வரியும் சேரும். 15 ஆயிரம் பவுண்டு பென்ட்லி, அங்கே வசிப்பவர்களுக்கு மட்டுமே.